வெயிலுமுத்து அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்திய கதை

விருதுநகரில் இருந்த எங்கள் பெருங்காயக் கம்பெனியை வடக்கே இருந்து வந்த ஒரு பெரிய கம்பெனி விலைக்கு வாங்கி, வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வரும் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே உள்ளே வரலாம் என்று எங்களுக்கு அனுமதி கொடுத்த அந்த ஆனி மாதத்தில்தான், வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தங்கள் பழைய நாற்காலியில் முளைக்கத் தொடங்கினார்கள்.

முளைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் வாசல் வழியாக வரவில்லை. முதலில் முளைத்தவர் வெயிலுமுத்து அண்ணாச்சி. பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர், எங்களில் பாதிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், மீதிப் பேருக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவர். அன்று சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல் நாள். ஒன்பது அடித்ததும் இடுப்பில் ஈரத் துண்டும் தலையில் சீயக்காயுமாக அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்தோம். அதற்குள் மதுரை லாரி வந்து ஹாரன் அடித்ததால், "அண்ணாச்சி, மதுரை லோடுக்குச் சின்ன டப்பா தனியா கட்டணுமா, சேத்தே கட்டலாமா?" என்று கேட்டோம். அவரும் கண்ணில் இறங்கிய சீயக்காயை வழித்துக்கொண்டே, "தனியாக் கட்டுங்கப்பா, போன தடவையே திட்டுனாக" என்றார்.

எங்கள் பழைய முதலாளி ஆவுடையப்பன் ஒருவரையும் வாய்விட்டுத் திட்டியதில்லை. யாராவது தப்பு செய்தால் அவர் பதினோரு மணித் தேநீரைக் குடிக்க மாட்டார், அவ்வளவுதான். டம்ளர் மூடியபடியே இருக்கும், ஆடை கட்டும், யார் செய்த தப்பு என்று எங்களுக்குள் கூடிப் பேசிக் கண்டுபிடித்து, செய்தவனை உள்ளே தள்ளிவிடுவோம், அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான், முதலாளி டம்ளரை எடுப்பார், கம்பெனி மறுபடி மூச்சுவிடும். இப்படி ஒரு தலைமுறையை ஓட்டிவிட்டோம். பிள்ளைகள் இருவரும் கனடாவில் குடியேறிவிட, முதலாளி கம்பெனியை விற்றுவிட்டுக் கொடைக்கானலுக்குப் போனார்.

புதுக் கம்பெனிக்கு மனதில் உள்ளதை எல்லாம் உடனே வெளியே சொல்லிவிட வேண்டும். காலையில் வட்டமாக நிற்கச் சொன்னார்கள். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், யார் மேல் என்ன குறை என்று முகத்துக்கு நேரே சொல்லச் சொன்னார்கள். நாங்கள் வட்டமாக நின்று, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, குறைகளை வழக்கம்போல டீக்கடையில் பேசிக்கொண்டோம். அண்ணாச்சி, அக்கா என்ற பேச்சு கூடாது, எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார்கள். நாங்கள் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டு, பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினோம். முதலாளியின் பூஜை அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு அதைப் பேச்சுவார்த்தை அறையாக்கினார்கள். சுவரில் நம்பிக்கை, துணிச்சல், வேகம் என்று ஆள் உயரத்துக்கு எழுதினார்கள். நாற்காலிகளில் பாதியை எடுத்துவிட்டு, உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் உருண்டை மெத்தைகளைப் போட்டார்கள். யாருக்கும் சொந்த இடம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்கள். ஆனால் எங்கள் மேல் இருந்த பெருங்காய வாசனையை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆடி பிறப்பதற்குள் அது அவர்கள் மேலும் ஏறிக்கொண்டது.

இதையெல்லாம் எங்களுக்குப் பழக்கிவிட வந்தவள் மிருதுளா. பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும், நல்ல பெண்தான். பேக்கிங்குக்கு இயந்திரம் வந்ததும் நாலைந்து பேரை வேலையை விட்டு அனுப்பும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கண்ணாடி அறையில் வெயிலுமுத்து அண்ணாச்சியை உட்கார வைத்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மெல்லிய குரலில் பேசி, கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காகிதமும் நீட்டினாள். அவர் அதை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, தினமும் மாலையில் சொல்வது போலவே, "அப்ப நான் போயிட்டு வாரேன்மா" என்றார். "ஆல் தி பெஸ்ட்" என்றாள் அவள்.

வினை அங்கேதான் இருந்தது என்பது எங்களுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எவனும் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டான், அது இழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவனுக்குக்கூட வாயில் வராத சொல். ஆயுசு முழுக்கச் சாயங்காலம் சாயங்காலம் போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன் என்று அந்த வாசலில் நின்று சொல்லியிருக்கிறோம், மறுநாள் வந்தும் இருக்கிறோம். நாங்களாக வந்தோமா, அந்தச் சொல் எங்களைக் கொண்டுவந்து விட்டதா என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

முளைத்த அன்றே மிருதுளா அவரை மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். வாசலைத் தாண்டி ஒரு கால் வைத்தார், நாற்காலியில் இருந்தார். ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள், ஆட்டோ மட்டும் போனது. மாலை ஆறு மணி அடித்த பிறகுதான் வாசல் அவரை விட்டது. அப்போதும் மனிதர் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வாரேன்பா" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். திங்கட்கிழமை அவரோடு, அடுத்து நிறுத்தப்பட்ட கணக்குப் பிரிவு ஜோதிபாசும் முளைத்தான், கன்னத்தில் பாதி மழித்த சோப்பு நுரையோடு.

பழகுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. அண்ணாச்சியின் மனைவி பூரணத்தம்மாள், ஒன்பது அடிப்பதற்கு முன்பே அவருக்குச் சாப்பாடு போட்டு, சட்டை மாட்டி, தூக்குவாளியைக் கையில் கொடுத்து, முக்காலியில் உட்கார வைத்துவிடுவார். "செருப்பப் போட்டுக்கோங்க, புது ஆபீஸ்ல வெறுங்காலோட இருந்தா நல்லாவா இருக்கும்" என்று சொல்லி வாய் மூடும்போது முக்காலி காலியாக இருக்கும். ஜோதிபாசுக்குச் சிவகாசி காலண்டர் அச்சகத்தில் வேறு வேலை கிடைத்திருந்தது. அச்சக முதலாளியிடம் அவன் விஷயத்தைச் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படாமல், "அங்க ஏசி உண்டாப்பா?" என்று மட்டும் கேட்டாராம். அச்சகத்தின் கணக்கை எங்கள் ஆபீசில் உட்கார்ந்து எங்கள் ஏசியில் எழுதினான். ஊரிலும் இது பரவிப்போய், பஜாரில் ஒரு பருப்பு மில்காரர் தன் ஆட்கள் சாயங்காலம் வாயைத் திறந்து போயிட்டு வாரேன் என்று தெளிவாகச் சொன்னால்தான் கேட்டைத் திறப்பார் என்றும், துபாய்க்குப் போகிற பையன்களை அம்மாக்கள் அந்தச் சொல்லை மூன்று நாலு தடவை சத்தமாகச் சொல்ல வைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டோம்.

சிரமப்பட்டது புதுக் கம்பெனிதான். யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற சட்டத்தை நம்பி, தலைமையகத்திலிருந்து வந்த சாவ்லா என்ற பெரிய அதிகாரி ஒருநாள் காலையில் ஜன்னலோரமாக நல்ல நாற்காலி ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தார். ஒன்பது அடித்தது. வெயிலுமுத்து அண்ணாச்சி தூக்குவாளியோடு அவர் மடியில் இருந்தார். அண்ணாச்சி பதறி எழுந்து, "மன்னிக்கணும் சார், பாக்கல" என்றார். சாவ்லாவின் கால்சட்டையில் சாம்பார் ஊற்றிவிட்டது. அன்றிலிருந்து அந்த நாற்காலிகளைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார்கள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நாட்டில் மற்ற ஊர்களில் எல்லாம் அவர்களுடைய ஆட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்போம் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்க, எங்கள் ஆபீசில் சம்பளம் வாங்காதவர்கள்கூட ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலாண்டில் சிறந்த வருகைக்கான கேடயம் விருதுநகருக்கு வந்தது. அதை மேடையில் வாங்க மிருதுளா டெல்லிப் பக்கம் போனாள். வாங்கிக்கொண்டு இறங்கும்போதே சாவ்லா அவள் காதில், அனுப்பியவர்கள் போகவில்லை என்றால் அனுப்பத் தெரியாதவர் போக வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அவள் கேடயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து அழுதாள். எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது. விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தோம். அண்ணாச்சி வருகிறேன் என்று சொல்லிப் போனார், அதனால் வருகிறார், போறேன் என்று ஒரு தரம் மனசோடு சொல்லிவிட்டால் முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றுதான் அவளும் நினைத்தாள். ஜோதிபாசிடம் போய் இங்கிலீஷிலாவது சொல்லுங்கள் என்று கெஞ்சி, "குட்பை" சொல்ல வைத்தாள். அவன் வாய் குட்பை என்றது, மனசு நாளைக்குப் பார்ப்போம் என்றது, காலையில் நாற்காலியில் இருந்தான். அண்ணாச்சியிடம் தினமும் கேட்டாள், அழுது கேட்டாள், கோபமாகக் கேட்டாள்.

"வேற என்ன வேணும்னாலும் சொல்றேன்மா. இத மட்டும் கேக்காத. எங்க வீட்டுல நாய்கூட சொல்லிக்காமத்தான் போகும், அப்படிச் சொல்லிட்டுப் போகாது" என்றார் அவர்.

"ஒரே ஒரு வார்த்தைதானே, மிஸ்டர் வெயிலுமுத்து?"

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்மா."

உண்மை அதுதான். அவருக்கு ஒரே மகள், தமயந்தி. கப்பலில் வேலை பார்க்கும் தூத்துக்குடி மாப்பிள்ளை. சம்பந்தி வீட்டாரிடம், பெரிய கம்பெனியில் மேற்பார்வையாளர் என்று பேச்சு முடித்த பிறகுதான் அண்ணாச்சிக்கு வேலை போனது. அதை அவர்களிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறும்வரை எப்படியாவது அந்த நாற்காலியில் இருந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு. சம்பந்தி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசைப் பார்க்க வந்து நின்றபோது அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. நாங்கள் எல்லோரும் மிருதுளாவைப் பார்த்தோம். அவள் பொய் சொல்லாத பெண். சற்று யோசித்து, "இவர் இல்லாம இந்த ஆபீஸ்ல ஒரு நாளும் வேலை ஆரம்பிச்சதே இல்ல சார்" என்றாள். சம்பந்தி மனம் குளிர்ந்து போனார். அன்றைக்குத்தான் அவள் எங்களில் ஒருத்தி ஆனாள் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

பிறகு மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் முகூர்த்தம் குறித்தார். ஆவணியில் ஒரு புதன்கிழமை, ஒன்பதே காலிலிருந்து பத்துக்குள். அதை விட்டால் அடுத்தது தையில்தான், தையில் மாப்பிள்ளை பிரேசில் பக்கம் கடலில் இருப்பார். மண்டபத்தில் கல்யாணம் வைத்தால், கெட்டிமேளம் கொட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பெண்ணின் அப்பா மணமேடையிலிருந்து மறைந்து ஆபீசில் இருப்பார், ஆறு மணி வரை வர முடியாது. தாரை வார்க்க அப்பா இல்லாத கல்யாணமா? அண்ணாச்சி சோறு தண்ணி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூக்குவாளி திறக்காமலே இருந்தது. ஆவுடையப்பன் முதலாளியின் டம்ளரைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. கூடிப் பேசி, மிருதுளாவை உள்ளே தள்ளிவிட்டோம்.

அவள் தலையைச் சொறிந்துகொண்டு அவர் முன்னால் நின்றாள். "கல்யாணத்த இங்கயே வச்சுக்கலாமா, அண்ணாச்சி?" என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவள் அவள்.

தலைமையகத்துக்கு இது குடும்ப தினக் கொண்டாட்டம் என்று சொல்லிவிட்டாள். நம்பிக்கை, துணிச்சல், வேகம் என்ற சுவருக்கு முன்னால் மணமேடை போட்டோம், வேகத்தின் மேல் மாவிலைத் தோரணம் தொங்கியது. வாசலில் வாழைமரம் கட்டினோம், எல்லோரும் பழையபடி செருப்பைக் கழற்றினார்கள், மிருதுளாவும்தான். பேக்கிங் இயந்திரத்துக்கு யாரோ சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள். அண்ணாச்சியின் நாற்காலியை முன்கூட்டியே மணமேடைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தோம், அதனால் ஒன்பது அடித்ததும் அவர் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாகச் சரியான இடத்தில் வந்து இறங்கினார், மாப்பிள்ளை வீட்டாரை அந்த நேரம் வாசலில் சந்தனம் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தோம். ஜோதிபாஸ் வேண்டுமென்றே பன்னீர்ச் செம்போடு வந்து இறங்கி, அங்கிருந்தே தெளிக்கத் தொடங்கினான். நாதஸ்வரக்காரர்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா உருண்டை மெத்தையில் உட்கார்ந்து உள்ளே போய்விட்டார், இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். தாலி ஏறியது. அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அவ்வளவு பெரிய மூச்சை அந்த மனிதர் அத்தனை மாதமாக எங்கே வைத்திருந்தாரோ.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குப் போய் பால் பழம் சாப்பிட்டு, அங்கிருந்து பெண்ணை அழைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்றார்.

"நீங்க முன்னால போங்க சம்பந்தி. எனக்கு இங்க கொஞ்சம் சோலி இருக்கு" என்றார் அண்ணாச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

தமயந்திக்கு அப்பாவின் நிலைமை தெரியும். அவள் மாலையோடு வந்து அவர் காலைத் தொட்டு எழுந்தாள். கண் நிறைந்திருந்தது. "அப்ப இங்கயே சொல்லிக்கிறேன்ப்பா. நான் போயி..."

நாங்கள் அத்தனை பேரும் "ஐயையோ!" என்று கத்திவிட்டோம். அண்ணாச்சி பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினார். பொத்திய கையில் அவள் உதட்டுச் சாயம் ஒட்டிக்கொண்டது. சம்பந்தியம்மாள் இது பெருங்காயக்காரர்களின் சடங்கு போலிருக்கிறது என்று எண்ணிப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத்தான் விஷயம் தெரியும். அந்தச் சொல்லை அவள் அந்தக் கூரைக்குக் கீழே சொல்லி முடித்திருந்தால், நாளை காலை ஒன்பது மணிக்குப் புருஷன் வீட்டிலிருந்து புடுங்கிக்கொண்டு வந்து இங்கே விழுவாள், நாளை மறுநாளும் விழுவாள், கப்பல் பிரேசில் போய்த் திரும்பினாலும் விழுந்துகொண்டிருப்பாள்.

"இங்க வச்சுச் சொல்லாதம்மா. நம்ம வீட்டு வாசல்ல வச்சுச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

"வாசல்ல நீங்க இருக்க மாட்டீகளேப்பா" என்றாள் தமயந்தி, அவர் விரலிடுக்கு வழியாக.

அண்ணாச்சி கையை எடுத்தார். பொட்டு வைத்த இயந்திரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். எங்களுக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துவிட்டது, தடுக்கவும் முடியவில்லை, தடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு மிருதுளாவிடம் போனார். கையைக் கூப்பினார்.

"அம்மா," என்றார், "நான் போறேன்."

எந்தச் சொல்லுக்காக மாதக்கணக்கில் கெஞ்சினாளோ, எந்தச் சொல்லில் அவள் வேலையே தொங்கிக்கொண்டிருந்ததோ, அது காதில் விழுந்ததும் மிருதுளா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணாச்சி! நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு? வாபஸ் வாங்குங்க! போயிட்டு வாரேன்னு சொல்லுங்க!" என்று அழுதுகொண்டே அவர் பின்னால் ஓடினாள்.

"என்ன சம்பந்தி, போறேன்னுட்டீக?" என்று பதறினார் மாப்பிள்ளையின் அப்பா.

"ரிட்டயர் ஆயிட்டேன் சம்பந்தி."

"எப்ப?"

"இப்பத்தான்."

அவர் வாசல்வரை நடந்தார். வாழைமரத்துக்குக் கீழே ஒரு கால் எடுத்து வைத்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்தோம். நாற்காலி காலியாகவே இருந்தது. வெளியே, வெயிலில், மகளும் மருமகனும் பின்னால் வர, அவர் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் தமயந்தி வாய் நிறையச் சொன்னாளாம், அவரும் வாய் நிறைய "வாம்மா" என்றாராம், பிறகு தெருமுனைவரை காருக்குப் பின்னால் ஓடினாராம்.

மறுநாள் காலையில் நடந்ததைப் பூரணத்தம்மாள்தான் வந்து சொன்னார். வழக்கம்போல மனிதர் சீக்கிரமே குளித்து, சட்டை மாட்டி, அவசர அவசரமாகத் தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். ஒன்பது அடித்ததும் பழக்கதோஷத்தில் கண்ணை இறுக மூடி, தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாராம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாராம். எதிரே அதே அடுப்பு, அதே பூரணம்.

"என்ன, கூப்பிடலையா?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மாள்.

"கூப்பிடல" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாராம். அழுது முடித்து, முகத்தைத் துண்டில் துடைத்து, மாட்டியிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டுவிட்டு, மறுபடி தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தோசை ஊத்து, மெதுவாவே ஊத்து" என்றாராம்.